ஓடு மாற்றும் மாதமும் நிதி வரும் மாதமும்

அரசிடம் பணம் இல்லை, செலவைச் சுருக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் குமரி மாவட்டத்தில் கூடவே ஒரு யோசனையும் வந்துவிடும். "கன்னியாகுமரிக்கு இவ்வளவு கூட்டம் வருது. மியூசியத்துக்கு எதுக்கு அரசுப் பணம்? டிக்கெட்டை ஏத்திவிட்டா தன் செலவைத் தானே பாத்துக்கிடுமே." சொல்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. விவேகானந்தர் பாறைக்குப் போகப் படகுத்துறையில் விடியும் முன்பே நிற்கும் வரிசையைப் பார்த்த எவருக்கும் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த யோசனை முதல் கணக்கிலேயே உடைந்துபோகிறது. படகு விடும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் ஓர் அரசு நிறுவனம். அதன் வசூல் அதன் கணக்கில் சேரும், அதிலிருந்து டீசலும் வாங்கலாம், படகையும் பழுது பார்க்கலாம். காந்தி மண்டபம் பக்கத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் அப்படியல்ல, அது ஒரு துறையின் கிளை. அங்கே கிழிக்கப்படும் ஒவ்வொரு நுழைவுச்சீட்டின் பணமும் செலான் போட்டுக் கருவூலத்தில் கட்டப்படுகிறது. அரசியல் சட்டத்தின் 266ஆம் பிரிவு சொல்வது இதுதான்: அரசுக்கு வரும் வருவாய் எல்லாம் தொகுப்பு நிதியில் சேர வேண்டும், சட்டமன்றம் அனுமதித்த தொகை மட்டுமே அங்கிருந்து வெளியே வரலாம். டிக்கெட் விலையை மூன்று மடங்காக்கினாலும் அந்தப் பணத்தில் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரான காப்பாட்சியர் ஒரு பல்பு கூட வாங்க முடியாது. நடப்பது ஒன்றுதான். பக்கத்து ஊர்களான வாவத்துறையிலிருந்தும் கோவளத்திலிருந்தும் நடந்து வரும் பள்ளிப் பிள்ளைகள் வாசலோடு திரும்பிப் போவார்கள்.

ஆகவே வரவைப் பற்றிய விவாதத்தை ஒதுக்கிவிட்டுச் செலவுப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கேயும் எல்லோரும் பார்ப்பது மொத்தத் தொகையை. "போன வருஷம் இவ்வளவு, இந்த வருஷம் இவ்வளவு, அஞ்சு சதவீதம்தானே குறைஞ்சிருக்கு" என்பார்கள். அந்த அஞ்சு சதவீதம் எதன்மேல் விழுகிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

வெட்டு விழும் இடம்

அரசு வரவு செலவுத் திட்டத்தில் கலை பண்பாட்டுக்கான வருவாய்ச் செலவுத் தலைப்பு 2205. அதற்குள் 103 தொல்லியல், 104 ஆவணக் காப்பகம், 105 பொது நூலகம், 107 அருங்காட்சியகம். ஆக, தேட வேண்டிய வரி 2205-00-107. இந்த எண் எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றுதான், கேரளத்தின் புத்தகத்திலும் இதே எண்ணைப் பார்க்கலாம். அந்த வரியை விரித்தால் கீழே சின்னச் சின்ன இனங்கள் இருக்கும்: சம்பளம், படிகள், பயணப்படி, அலுவலகச் செலவு, மின்கட்டணம், பராமரிப்பு, உபகரணம், விளம்பரம். இதில் சம்பளத்தையும் படிகளையும் யாரும் குறைக்க முடியாது. மின்கட்டணத்தைக் கட்டாவிட்டால் இணைப்பு போய்விடும். மிச்சமிருப்பவைதான் வெட்டைத் தாங்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் எண்பது சம்பளத்துக்கும் மின்சாரத்துக்கும் போகிறது, இருபது மற்ற எல்லாவற்றுக்கும். மொத்தத்தில் பத்து சதவீதம் வெட்டினால் பத்து ரூபாய் குறைகிறது. அந்தப் பத்தும் இருபதிலிருந்துதான் போக வேண்டும். காகிதத்தில் பத்து சதவீதம் என்று இருப்பது பராமரிப்புப் பணத்தில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. நிதித்துறையின் சிக்கன ஆணைகளும் நேரடியாக இந்த இனங்களைத்தான் குறிவைக்கும். கொரோனா காலத்தில், 2020 மே மாதம் தமிழ்நாட்டில் வந்த ஆணையில் அலுவலகச் செலவில் 20 சதவீதம், அறைகலன் வாங்குவதில் 50 சதவீதம் குறைக்கச் சொல்லியிருந்தது, புதிய பணியிடங்களுக்கும் தடை இருந்தது. பெரிய அலுவலகம் ஒன்றுக்கு இது காகிதமும் நாற்காலியும் குறைவது. அருங்காட்சியகத்தில் காட்சிப் பெட்டியும் பொருள் அடுக்கும் அலமாரியும் கூட அறைகலன் கணக்கில் வந்துவிடலாம், பாதுகாப்பு ரசாயனம் அலுவலகச் செலவில் வந்துவிடலாம். ஆணை எழுதியவர் மனதில் நாற்காலிதான் இருந்திருக்கும். வெட்டுப்படுவது செப்புத் திருமேனிக்கான பெட்டியாகிவிடலாம்.

காலிப் பணியிடம் இதைவிட மோசம். அது வெட்டு என்று எங்கும் பதிவாகாது. ஓய்வு பெற்றவரின் இடத்தை நிரப்பாமல் விட்டால் சம்பள இனத்தில் பணம் மிஞ்சும், மார்ச் மாதம் அதைச் சரண்டர் என்று நிதித்துறைக்கே திருப்பிவிடுவார்கள், அடுத்த ஆண்டு "போன வருஷமே செலவழிக்கவில்லையே" என்று அந்த ஒதுக்கீடு சுருங்கும். இதற்கிடையில் சட்டப்படியான வேலை மட்டும் குறைவதில்லை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, அஸ்திவாரம் தோண்டும்போதோ குளம் தூர்வாரும்போதோ சிலையோ காசோ கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், ஆட்சியர் என்று போய்க் கடைசியில் அது அருங்காட்சியகத்துக்கு வந்து சேரும். அதை எடைபோட்டு, அளந்து, படமெடுத்து, பதிவேட்டில் ஏற்ற ஓர் ஆள் வேண்டும். பதிவேட்டில் ஏறாத பொருள் திருடுபோனால் அது நம்முடையது என்று எந்த நாட்டு நீதிமன்றத்திலும் நிரூபிப்பது மிகக் கடினம்.

கடற்காற்றில் ஒரு செப்புத் திருமேனி

சின்ன இனத்தில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்துப் பார்த்துவிடலாம். மண்ணுக்குள் பல நூற்றாண்டு கிடந்த செப்புத் திருமேனிக்குள் குளோரைடு உப்பு ஊறியிருக்கும். காற்றின் ஈரப்பதம் 42 முதல் 46 சதவீதத்தைத் தாண்டினால் அது விழித்துக்கொள்ளும். ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து உள்ளேயே அமிலம் உண்டாகும், அமிலம் நல்ல செம்பை அரிக்கும், அரித்ததிலிருந்து மறுபடி அமிலம் வரும். நிறுத்தாவிட்டால் அது தானாக நிற்காது. பார்த்தவுடன் கண்டுபிடிக்கலாம்: கரும்பச்சையாக, வழுவழுப்பாக, கெட்டியாக இருந்தால் அது பழைய களிம்பு, பொருளுக்குக் காவல். வெளிர்பச்சைத் தூளாக, நகத்தால் தொட்டால் உதிர்ந்தால் அது நோய். விரல் நுனி, பூணூல், கிரீட வேலைப்பாடு மாதிரி மெல்லிய இடங்களில்தான் முதலில் தெரியும். கன்னியாகுமரியில் பெரும்பாலான நாள்களில் ஈரப்பதம் 70-ஐத் தாண்டி நிற்கும், போதாததற்குக் காற்றிலேயே உப்பு.

தடுப்பு எளிது. 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 90 செ.மீ. உயரமுள்ள பெட்டிக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு கன மீட்டர் காற்று இருக்கும். ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல், அதாவது ஈரம் உறிஞ்சும் மணிகள், என்பது நெடுநாள் வழக்கத்தில் உள்ள கணக்கு. ஆக இந்தப் பெட்டிக்கு ஆறரைக் கிலோ. ஒரு தட்டு பெட்டிக்குள் இருக்கும்போது இன்னொன்று அடுப்பில் காய வேண்டும், அதனால் பதின்மூன்று கிலோ வாங்கி வைக்க வேண்டும். காய்ந்திருக்கும்போது நீலமாக இருக்கும் ஜெல் வெளுத்து இளஞ்சிவப்பானால் எடுத்து 110 முதல் 120 டிகிரி சூட்டில் நிறம் திரும்பும்வரை சில மணி நேரம் காயவைக்க வேண்டும், அதற்கு மேல் சூடேற்றினால் ஜெல் கெட்டுவிடும். நீல வகையில் உடலுக்குக் கெடுதலான கோபால்ட் இருப்பதால் இப்போது ஆரஞ்சு வகையை வாங்குவது நல்லது. பெட்டிக்கு ஓர் ஈரமானி, கதவு விளிம்புக்கு ரப்பர் பட்டை. எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும் வேலை.

கெடுவது எங்கே என்றால், ரப்பர் பட்டையில். கடற்காற்றில் அது இறுகி வெடித்துவிடும். அதன் பிறகு மாதக்கணக்கில் தாங்க வேண்டிய ஜெல் சில நாளிலேயே நிறம் மாறும். மாற்றிப் போட ஆள் இல்லையென்றால் ஈரம் குடித்து முடித்த ஜெல் அப்படியே பெட்டிக்குள் கிடக்கும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு. வெளியே பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். நோய் முற்றிய பின் வைத்தியம் வேறு: பொருளைச் சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றி, உப்பு வருவது நின்ற பின் அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் பூசி, மேலே மெல்லிய பிசின் பூச்சுக் கொடுக்க வேண்டும். இதற்கான ஆய்வுக்கூடம் 1930-லிருந்து எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திருமேனியை அங்கே கொண்டுபோகக் காவல், பெட்டி, வண்டி, பயணப்படி எல்லாம் வேண்டும். பயணப்படியும் வெட்டுப்பட்ட இனம்தான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்தால் போதாதா என்பவர்கள் 2017 நவம்பர் 30-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ஒக்கி புயல் அடித்த பிறகு மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சிலிக்கா ஜெல்லுக்கு மின்சாரம் வேண்டாம். தேவையான தருணத்தில் கைகொடுப்பது அந்தச் சில ஆயிரம் ரூபாய்தான்.

சின்னப் பராமரிப்புப் பணம் நின்றுபோனால் எதுவரை போகும் என்பதற்கு ரியோ டி ஜெனிரோவில் பதில் இருக்கிறது. பிரேசில் தேசிய அருங்காட்சியகத்தின் ஆண்டுப் பராமரிப்பு ஒதுக்கீடு 5,20,000 ரெயால்தான் (பிரேசில் நாணயம்). 2014-லிருந்து அது கூட முழுதாக வரவில்லை. 2018 செப்டம்பர் 2 இரவு தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் வந்தபோது பக்கத்துக் குழாய்களில் போதிய தண்ணீர் இல்லை. இரண்டு கோடிப் பொருள்களில் பெரும்பகுதி போய்விட்டது. இருநூறு ஆண்டுச் சேகரிப்பு, ஒரே இரவு.

மூன்று அரசு, ஒரு மழை

குமரி மாவட்டத்துக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே வரலாற்றுக்கு மூன்று முதலாளிகள். கன்னியாகுமரி அருங்காட்சியகம் தமிழ்நாட்டின் அருங்காட்சியகங்கள் துறையிடம். சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் மலையும் கடலோரக் கோட்டையான வட்டக்கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையிடம். 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்த பிறகும், திருவிதாங்கூர் மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறையிடம்தான் இருக்கிறது. தக்கலைக்குப் பக்கத்திலுள்ள அந்த அரண்மனையில் ஓடு உடைந்தால் பணம் திருவனந்தபுரத்திலிருந்து வர வேண்டும். நம் ஊர்களின் நிலவரி, வழக்கு, கோயில் கணக்கு பற்றிய திருவிதாங்கூர் ஓலைச் சுருணைகள் (ஓலை ஆவணக் கட்டுகள்) பலவும் அங்குள்ள ஆவணக் காப்பகத்தில்தான். கேரளக் கருவூலத்தில் கட்டுப்பாடு வந்தால் அதுவும் நம் வரலாற்றுக்கு விழும் வெட்டுதான். நம் சட்டமன்ற உறுப்பினர் அதைப் பற்றிச் சென்னையில் பேசியும் பயனில்லை.

முதலாளிகள் மூன்று பேர் என்றாலும் மழை எல்லோருக்கும் ஒன்றுதான், விஷயத்தின் மையமும் அங்கேதான் இருக்கிறது. பத்மநாபபுரம் மாதிரியான ஓட்டுக் கூரையில் ஆண்டுதோறும் ஓடு பிரித்து, உடைந்ததை மாற்றி, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களும் அவற்றுக்குக் கீழே சாய்வாகப் போகும் கழுக்கோல் மரங்களும் உளுத்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்து மறுபடி மேய வேண்டும். ஓர் ஓடு நகர்ந்தால் போதும், அதன் கீழே கழுக்கோல் நனையும், நனைந்த மரத்தில் பூஞ்சையும் கரையானும் ஏறும், அடுத்த மழையில் தண்ணீர் சுவரில் இறங்கும். உப்பரிகை மாளிகையின் மேல்தளச் சுவரோவியம் சுண்ணாம்புப் பூச்சின்மேல் எழுதியது. சுவருக்குள் ஈரம் ஏறிக் காயும்போது உப்பு வெளியே பூக்கும், நிறம் அதோடு செதிலாக உரிந்துவிடும். உரிந்ததை ஒட்டலாம், உதிர்ந்து விழுந்ததை மறுபடி கொண்டுவர முடியாது.

இந்த வேலையை எப்போது செய்வது? நிதியாண்டு ஏப்ரல் 1-ல் பிறக்கிறது. சட்டமன்றத்தில் துறையின் மானியக் கோரிக்கை விவாதம் முடிந்து, ஒதுக்கீடு தலைமையிலிருந்து பிரிந்து மாவட்டத்துக்கு வந்து, பொதுப்பணித் துறை மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை என்று போனால் எப்படியும் ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். சென்னைக்கு அது சரியான காலம், அங்கே மழை அக்டோபரில்தான். குமரியில் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரமே இறங்கிவிடும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் துலாவர்ஷம், அதாவது வடகிழக்குப் பருவமழை. நிம்மதியாக ஓட்டைப் பிரித்துப் போடும் வெயில் காலம் இங்கே ஜனவரி முதல் மார்ச் வரை, கூடிப்போனால் கோடை மழைக்கு முந்தைய ஏப்ரல் நாள்கள்.

அந்த மூன்று மாதம்தான் அரசு தன் பையை இறுக்கும் மாதங்களும். ஆண்டின் ஒதுக்கீட்டை மறுபடி கணக்கிடும் திருத்த மதிப்பீட்டில் செலவாகாத தொகையைக் குறைப்பது அப்போது. மார்ச்சில் அவசரச் செலவு கூடாது என்ற சுற்றறிக்கை அப்போது. மார்ச் 31-க்குள் பில் போடாத பணம் காலாவதி ஆவதும் அப்போது. அதாவது இந்த மாவட்டத்தில் கூரை வேலை செய்யத் தகுந்த காலமும், சிக்கனத்தின் கத்தி இறங்கும் காலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒதுக்கீட்டில் ஒரு ரூபாய் கூடக் குறைக்காமலே ஓராண்டு வேலையை இல்லாமல் ஆக்கிவிடலாம். மழையில் செய்ய முடியாததால் செலவழிக்கவில்லை, செலவழிக்காததால் பணம் திரும்பியது, பணம் திரும்பியதால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு சுருங்கியது. இது அதிகாரிகளின் சோம்பல் அல்ல. நிதிப் பஞ்சாங்கமும் மழைப் பஞ்சாங்கமும் பொருந்தாததன் விளைவு. அருங்காட்சியக நிதியைப் பாதுகாக்கப் பேசுபவர்கள் தொகையைப் பற்றிப் பேசும் அளவுக்கு மாதத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

கட்டப் பணம் கிடைக்கும், காக்கக் கிடைக்காது

வேறு வழியில் பணம் திரட்டலாமே என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி, ஆனால் அது நிலையான சொத்து உருவாக்க. சட்டமன்றத் தொகுதி நிதியும் ஏறக்குறைய அதே வழி. கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பாரம்பரியச் சின்னங்களைக் காப்பதும் இருக்கிறது, ஆகவே நிறுவனங்கள் கொடுக்கலாம். ஆனால் கல்வெட்டில் பெயர் பொறிக்கக் கூடிய புதுக் காட்சிக்கூடத்துக்குத்தான் மனம் வரும், ரப்பர் பட்டைக்கும் இரவுக் காவலர் சம்பளத்துக்கும் வராது. கடலில் 37 கோடி ரூபாயில் கண்ணாடிப் பாலம் வந்ததும், கீழடியில் 18 கோடிக்கு மேல் செலவில் அருங்காட்சியகம் எழுந்ததும் மகிழ்ச்சிதான், இன்னும் வரட்டும். அவை மூலதனச் செலவு. திறப்பு விழாவுக்கு மறுநாள் தொடங்கும் செலவு வருவாய்க் கணக்கில், 2205-ல். அதற்கு அரசைத் தவிர வேறு ஆள் கிடையாது.

குமரியில் இன்னும் சேகரிக்க வேண்டியதும் நிறைய. அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளைப் போன்ற குடும்ப ஆவணங்கள், பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டக் காலக் காகிதங்கள், தமிழகத்தோடு இணையும் போராட்டத்தில் 1954-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்த நாள்களின் துண்டறிக்கைகள், திருவிதாங்கூரில் 28 சக்கரம் ஒரு ரூபாய் என்றிருந்த காலத்துக் காசுகள், பழைய வீட்டுக் கொல்லையில் துவைகல்லாகக் கிடக்கும், பழைய வட்டெழுத்தில் பொறித்த கற்பலகைகள். வீட்டுக்காரர் மனமுவந்து கொடுத்தாலும் வாங்கிப் பதிந்து வைக்க இடமும் ஆளும் வேண்டும். ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூச வேண்டும், வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது.

எதைக் கேட்பது, எப்போது கேட்பது

முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் வர வேண்டும். "ஏன் குறைத்தீர்கள்" என்று கேட்டால் பதில் வராது, ஆவணமாக இருப்பதைத்தான் கேட்க வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளுக்கு 2205-00-107-ன் கீழ் இந்த அருங்காட்சியகத்துக்கு இனவாரியாக மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, உண்மைச் செலவு, சரண்டர் தொகை ஆகியவற்றின் நகல். அனுமதிக்கப்பட்ட பணியிடம், காலிப் பணியிடம், எந்தத் தேதியிலிருந்து காலி. கடைசியாக இருப்பு சரிபார்த்த அறிக்கை. நிலுவையில் உள்ள பராமரிப்பு மதிப்பீடுகளும் அவை அனுப்பப்பட்ட தேதிகளும். இதில் திருத்த மதிப்பீடும் சரண்டரும்தான் உண்மையைச் சொல்லும் இரண்டு பத்திகள். மார்ச்சில் வரும் பட்ஜெட் தொகையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

பிறகு மனு. பொதுவாக "நிதியைக் கூட்டித் தாருங்கள்" என்று எழுதினால் அது ஒரு கோப்பில் சேரும், அவ்வளவுதான். பராமரிப்பு, பாதுகாப்பு ரசாயனம், காட்சிப் பெட்டி ஆகிய இனங்களைச் சதவீத வெட்டிலிருந்து விலக்கி ஆணையிடுங்கள் என்று கேட்க வேண்டும். காட்சிப் பெட்டியை அறைகலன் இனத்திலிருந்து உபகரண இனத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும், இதற்குக் காசே தேவையில்லை. குமரி மாவட்டக் கூரைப் பணிகளுக்கு மதிப்பீடு செப்டம்பரில், ஒப்புதல் நவம்பரில், பணி ஆணை டிசம்பர் முடிவதற்குள் என்று தனி அட்டவணை கேட்க வேண்டும். துறைகள் அடுத்த ஆண்டுக்கான தேவையை நிதித்துறைக்கு அனுப்புவது செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில். மனு அதற்கு முன், ஆகஸ்ட் மாதமே அருங்காட்சியகங்கள் துறை ஆணையரின் கையில் இருக்க வேண்டும், நகல் சட்டமன்ற உறுப்பினருக்கு. மானியக் கோரிக்கை நாளில் அவர் எழுந்து கேட்க அவர் கையில் எண்கள் வேண்டும்.

பத்மநாபபுரத்துக்கு இதே கேள்விகளோடு தனி மனு திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும், மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ. கல்குளம், விளவங்கோடு பக்கம் மலையாளம் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சிதறாலுக்கும் வட்டக்கோட்டைக்கும் மத்திய தொல்லியல் துறையிடம் மூன்றாவது மனு.